முதல் பயனாளி

கண்டல்முனைச் சமூக மருந்தகம் இதுவரை நான்கு தடவை திறக்கப்பட்டிருக்கிறது. முதலில் கட்டடத்தை ஒருவர் திறந்தார். பிறகு பெயர்ப்பலகையை ஒருவர் திரை நீக்கம் செய்தார். மூன்றாவதாக வந்தவருக்குத் திறப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதால், நோயாளிகள் குந்தியிருக்கும் வாங்கில் நாடா கட்டி, அதை வெட்டவைத்து அனுப்பினார்கள். நாலாமவர் நிறை பார்க்கும் மெசினைத் திறந்துவைத்து, அதில் ஏறி நின்று, தன் நிறையைக் கண்டு முகம் கறுத்து இறங்கினார். நான்கு திறப்புக்கும் நான்கு கல்வெட்டு. மருந்து வாங்கப் போகிறவர் வாசலில் ஒருபக்கமாகச் சரிந்துதான் உள்ளே நுழையவேண்டும். கல்வெட்டுகள் அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

திங்கட்கிழமை காலை யாக்கோப்பு அப்படிச் சரிந்து நுழைந்தார். வாவியில் வலை போட்டுச் சீவிக்கிற மனிதர். அவருடைய மகள் சுலக்ஷனாவுக்குப் பதினைந்து வயது; ஒன்பது வயதில் சீனி வருத்தம் பிடித்தது. பெரியவர்களுக்கு வருகிற, குளிசையால் சமாளிக்கிற வருத்தம் அல்ல. காலையில் ஓர் ஊசி, மாலையில் ஓர் ஊசி, இன்சுலின் இல்லாமல் அந்தப் பிள்ளை இல்லை. ஒரு நாள் தவறினால் சத்தி எடுக்கும், குடித்த தண்ணீரும் தங்காது. இரண்டாம் நாள் மூச்சு இழுக்கும். மூன்றாம் நாளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இந்த மாதம் கிளினிக்கில் இன்சுலின் முடிந்துவிட்டது. அடுத்த கிழமை வரும், அதுவரை வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். யாக்கோப்பு துண்டோடு மட்டக்களப்பு நகரத்தில் ஏழு பாமசி ஏறி இறங்கினார். நாவற்குடாவில் ஒன்று, செங்கலடியில் மூன்று. எல்லோரும் துண்டைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், துண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். செங்கலடியில் கடைசிக் கடைக்காரர் மட்டும் அவரை மேலும் கீழும் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். கண்டல்முனை என்றதும் சிரித்தே விட்டார். மாவட்டத்துக்கு வந்த இன்சுலினில் நல்ல பங்கு உங்கள் ஊர்ச் சமூக மருந்தகத்துக்குத்தானே போயிருக்கிறது, வீட்டில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறீரே என்றார். வீட்டில் இருந்த குப்பியில் வியாழன் காலை ஊசி வரைக்கும்தான் மருந்து இருந்தது.

ஆகவே திங்கட்கிழமை யாக்கோப்பு மிகுந்த நிம்மதியோடு உள்ளே போனார். போனதும் அவருக்கு இலக்கம் கொடுத்தார்கள். கடையில் வேறு ஒருவரும் இல்லை. என்றாலும் அவருடைய இலக்கம் பதினேழு. ஒன்றிலிருந்து பதினாறு வரைக்கும் கூப்பிட்டு முடியும்வரை வாங்கில் இருந்தார். பிறகு அவருக்குப் பிரஷர் பார்த்தார்கள். வருத்தம் எனக்கில்லை, மகளுக்கு என்றார். பரவாயில்லை, மருந்தகத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பிரஷர் பார்க்கவேண்டும் என்பது சேவைப் பட்டயத்தில் ஐந்தாவது என்றார்கள். பிறகு நிறை பார்த்தார்கள். பிறகு, இன்றைய சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா என்று ஒரு படிவம் தந்தார்கள். அதில் சிரித்த முகம், சிரிக்காத முகம் என்று ஐந்து முகங்கள் இருந்தன. மருந்து இன்னும் தரவில்லையே என்றார். முகத்துக்குக் கோடு போட்டால்தான் மருந்துக்குப் போகலாம் என்றார்கள். ஓரளவு சிரித்த முகத்துக்குக் கோடு போட்டுவிட்டு மருந்தாளர் றிஸ்லாவிடம் போனார்.

றிஸ்லா படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை. அந்த மருந்தகத்தில் மருந்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள். துண்டை வாசித்ததும் அவளுடைய முகம் வாடிவிட்டது. விரலால் மூலையைக் காட்டினாள். அங்கே ஆளுயரத்தில் கண்ணாடிக் கதவு வைத்த புத்தம்புதிய குளிர்பெட்டி ஒன்று நின்றது. உள்ளே வெளிச்சம். வெளிச்சத்தில் இரண்டு தட்டு நிறைய இன்சுலின் பெட்டிகள். கதவைச் சுற்றி, மூன்று சுற்று, றோசா நிறத்தில் அகலமான நாடா. நடுவில் பெரிய பூவாகக் கட்டியிருந்தது. நாடா முழுக்க உதவி வழங்கிய நிறுவனத்தின் பெயர் பொன்னெழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னம் திறக்கல்ல அங்கிள்,” என்றாள் றிஸ்லா. “பிரதம அதிதி வந்து றிபன் வெட்டினாத்தான் நான் இதுக்குள்ள கை வைக்கலாம். மூண்டு தரம் நாள் குறிச்சாங்க. மூண்டு தரமும் அவருக்கு வேற திறப்பு வந்திட்டு.”

யாக்கோப்பு கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். மகளுக்குப் போடுகிற அதே மருந்து. அதே எழுத்து. ஒரு விரற்கடைத் தூரம். கதவில் பூட்டு இருக்கிறதா என்று கேட்டார். பூட்டு இல்லை, நாடாதான் இருக்கிறது என்றாள். இரண்டு கிழமையாக, காலையும் மாலையும் தான் இந்தப் பெட்டியின் குளிரை அளந்து கொப்பியில் எழுதுவதாகவும், நாலு பாகை, ஐந்து பாகை என்று மிகச் சரியாக இருப்பதாகவும் சொன்னாள். சொல்லும்போது அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை யாக்கோப்பு மருந்தகச் சபைத் தலைவர் ஜெயரூபனின் வீட்டுக்குப் போனார். தலைவர் ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர். எந்தத் திணைக்களத்தில் என்பது ஊரில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது; ஓய்வுபெற்றது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கூடத்தில் மேசை முழுக்க அழைப்பிதழ்கள் கிடந்தன. மூன்றாம் தடவை அச்சடித்தவை. முதல் தடவை கௌரவ அதிதியின் பெயர் விசேட அதிதியின் பெயரைவிடச் சிறிதாகப் போய்விட்டது. இரண்டாம் தடவை இருவரும் ஒரே அளவாகப் போய், இருவரும் கோபித்துக்கொண்டார்கள்.

யாக்கோப்பு விஷயத்தைச் சொன்னார். ஒரேயொரு குப்பி போதும், நாடாவை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு எடுத்துத் தந்தால் திரும்பவும் அப்படியே விட்டுவிடலாம், பூ கலையாது என்றார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார்.

“பாருங்க யாக்கோப்பு, மருந்தெண்டது முடிஞ்சு போற சாமான். ஒங்கட மகள் இண்டைக்குப் போடுவா, மாசம் முடிய குப்பியக் குப்பையில போடுவீங்க. ஆரு குடுத்த எண்டு ஆருக்கு ஞாபகம் இருக்கும்? திறப்பு விழா அப்பிடியில்ல. அது படத்தில நிக்கும், கல்வெட்டில நிக்கும். நான் இந்த ஊர்ச் சனத்துக்கு நிலைச்சு நிக்கிற ஒண்டச் செய்யப் பாக்கிறன். நீங்க ஒரு ஊசியப் பத்திக் கதைக்கிறீங்க.”

வியாழன் மாலை பிள்ளைக்கு ஊசி இல்லை என்று யாக்கோப்பு மறுபடியும் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் தலைவரின் முகம் மலர்ந்தது. வியாழக்கிழமைதானே விழா, காலை ஒன்பது மணிக்கு. எந்தச் சந்தேகமும் இல்லை, இந்தத் தடவை பிரதம அதிதி வந்தே தீருவார். அதுமட்டுமல்ல. பிரதம அதிதியின் கையால் முதலாவது இன்சுலினை வாங்குவதற்குப் பொருத்தமான ஒரு பயனாளியைச் சபை பத்து நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறது. இதுவரை அகப்பட்டவர்கள் எல்லாம் வயதான, பல் விழுந்த ஆட்கள், படத்துக்கு எடுக்காது. பாடசாலை வெள்ளைச் சட்டையில் ஒரு பெண்பிள்ளை என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

யாக்கோப்பு மருந்து கேட்கப் போனவர், முதல் பயனாளியின் தகப்பனாகத் திரும்பி வந்தார். கையில் நான்கு அழைப்பிதழ்.

அழைப்பிதழை மனைவி செபஸ்தியம்மா இரண்டு தரம் வாசித்தார். நிகழ்ச்சி நிரலில் இருபத்திமூன்று அம்சங்கள் இருந்தன. மங்கல விளக்கேற்றல், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரைகள், தலைமையுரை, இன்னும் நான்கு உரை. குளிர்பெட்டி திறத்தல் பத்தொன்பதாவது. இவ்வளவுக்கும் நடுவில் நம்முடைய பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு எத்தனையாவது என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை பின்னேரம் மருந்தகத்தில் ஒத்திகை. பிரதம அதிதியாகத் தலைவரே நடித்தார். நடித்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை, அவர் ஆகியே விட்டார். சுலக்ஷனாவிடம் ஓர் இன்சுலின் பெட்டியை நீட்டினார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கவேண்டும். வாங்கும்போது பெட்டியைப் பார்க்கக்கூடாது, அதிதியையும் பார்க்கக்கூடாது, சற்று இடப்பக்கம் திரும்பிக் கமராவைப் பார்க்கவேண்டும். முகத்தில் கொஞ்சம் சோர்வு தெரியவேண்டும். ஆனால் சோர்வைவிட நன்றி கூடுதலாகத் தெரியவேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சோர்வு இயல்பாகவே வந்தது. நன்றிதான் வரவில்லை. பதினொரு தரம் வாங்கினாள்.

பன்னிரண்டாம் தரம் பெட்டியைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

“சேர், இதுக்குள்ள ஒண்டும் இல்லயே.”

“இது அடையாளமாக் கையளிக்கிற, மகள்,” என்றார் தலைவர். “மருந்து பிறகு வரும்.”

வீட்டிலும் பழகிப் பார்க்கட்டும் என்று வெறும் பெட்டியை அவளிடமே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் யாக்கோப்பு மகளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் சிரித்தாள். அப்பா, நாளைக்கு உண்மையான பெட்டி தருவார்கள்தானே என்று கேட்டாள். தருவார்கள் என்றார். அப்போது அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் குப்பியைச் சரித்துப் பிடித்துக் கடைசி மருந்தை ஊசியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள் சுலக்ஷனா. எட்டரை மணிக்கு வெள்ளைச் சட்டையில் மருந்தக வாசலில் நின்றாள்.

முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. குளிர்பெட்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து பந்தலில் நிறுத்தியிருந்தார்கள். படத்தில் பின்னால் வாவி தெரியவேண்டும் என்பது தலைவரின் விருப்பம். உள்ளேயிருந்து ஒரு நீளமான வயர் இழுத்து மின்சாரம் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் வெள்ளித் தட்டில் கத்தரிக்கோல். அதற்கப்பால் பாடசாலைப் பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் இருபது பேர், தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள். அவர்களுக்கு ஒரேயொரு கட்டளை: நாடா அறுந்து விழுந்த கணமே அடிக்கவேண்டும், ஒரு நொடி பிந்தக்கூடாது.

ஒன்பது மணிக்கு அறிவிப்பாளர் பிறின்ஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார். அந்த வட்டாரத்தில் எந்த விழா என்றாலும் பிறின்ஸ்தான். பிரதம அதிதி இன்னும் சிறிது நேரத்தில் வந்துவிடுவார் என்று அறிவித்தார். பத்து மணிக்கும் அதையே அறிவித்தார். பத்தரைக்குப் பிரதம அதிதி களுதாவளையில் ஒரு நூலகத்தைத் திறந்துகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. சபையோர் கைதட்டினார்கள். பதினொன்றரைக்கு அங்கே இரண்டாவது மாடியையும் தனியாகத் திறக்கவேண்டியிருக்கிறதாம் என்று தகவல் வந்தது. அதுவரை காலத்தைப் போக்குவதற்காகப் பத்தொன்பதாவதைத் தவிர மற்ற எல்லா அம்சங்களையும் நடத்திவிடத் தலைவர் தீர்மானித்தார்.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்து நின்றுபோனது. அதுவரை அதை ஓட்டிய பற்றறி இறங்கிவிட்டதாம். வயரின் நுனியில் இருந்த இடம் ஒன்றே ஒன்று. பிறின்ஸ் அங்குமிங்கும் பார்த்தார், குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார், ஒலிபெருக்கியின் பிளக்கைச் செருகினார். பெட்டிக்குள் வெளிச்சம் அணைந்தது. தலைமையுரை தெளிவாகக் கேட்கத் தொடங்கியது.

றிஸ்லா எழுந்து தலைவரிடம் ஓடினாள். அவர் பேசிக்கொண்டிருந்தார். கையால், இரு பிள்ளை என்று காட்டினார். அவள் திரும்பி வந்து பெட்டியின் வெளிப்பக்கத்தில் இருந்த சின்ன வெப்பமானியைப் பார்த்தபடி நின்றாள். யாக்கோப்பு கிட்டப் போய் என்ன என்று கேட்டார்.

“ஆறு பாகை, அங்கிள். எட்டுக்கு மேல போனா நான் இத ஒருத்தருக்கும் குடுக்க ஏலா. பழுது எண்டு எழுதி, அவ்வளவையும் அழிக்கணும்.”

சித்திரை மாத வெயில். தகரப் பந்தல். மேடையில் தலைவர், இந்தக் குளிர்பெட்டி எமது பிரதேசத்தின் சுகாதார வரலாற்றில் ஒரு மைல்கல், இதன் குளிர்ச்சியை நாம் கண்ணின் மணிபோலக் காப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உரைகள் நடந்தன. ஒருவர் மருந்தின் அருமை பற்றிப் பேசினார். இன்னொருவர் மருந்தே இல்லாமல் வாழ்ந்த முன்னோர் பற்றிப் பேசினார். மத்தியானம் கடந்து ஒன்றரை ஆகியது. சுலக்ஷனா பாணும் சம்பலும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வாங்கில் சாய்ந்திருந்தாள். இரண்டு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டாள், இன்னும் தாகம் என்றாள். செபஸ்தியம்மா கணவரைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்ததும் இப்படித் தாகத்தில்தான் தொடங்கியது.

ஏழு பாகை என்றாள் றிஸ்லா.

இரண்டு மணிக்குத் தலைவருக்குத் தொலைபேசி வந்தது. கேட்டார். சிரித்தார். ஒலிவாங்கிக்கு வந்தார். தவிர்க்கமுடியாத காரணத்தினால் பிரதம அதிதி இன்று வருகைதர இயலாமைக்கு மிகவும் வருந்துகிறார் என்றார். ஆனால் நாம் ஒன்றுக்கும் கலங்கத் தேவையில்லை; விழா அடுத்த வியாழனுக்கு ஒத்திவைக்கப்படுகிறது; நாடா அப்படியே இருக்கிறது, அதற்கு ஒரு சேதமும் இல்லை.

சபையோர் கைதட்டினார்கள். யாக்கோப்பு எழுந்தார்.

பந்தலுக்கு நடுவால் நடந்து மேடையடிக்குப் போனார். அவசரப்படவில்லை. தலைவர் அவரைக் கண்டு, பொன்னாடை ஏதும் போர்த்த வருகிறாரோ என்று நினைத்துக் கழுத்தைச் சற்று முன்னே நீட்டினார். யாக்கோப்பு அவரைத் தாண்டிப் போனார். வெள்ளித் தட்டில் இருந்த கத்தரிக்கோலையும் தாண்டிப் போனார். இடுப்பில் இருந்து வலைக்கத்தியை எடுத்தார். வலையில் சிக்கிய சுங்கான் மீனையும் நண்டையும் அறுத்தெடுக்கிற, பிடியில் கயிறு சுற்றிய பழைய கத்தி.

“சேர், நாடாவுக்கு ஒரு சேதமும் இல்ல எண்டீங்க,” என்றார். “என்ட புள்ளைக்கு இருக்கி.”

ஒரே இழுவை. றோசா நிற நாடா மூன்று சுற்றும் அறுந்து, பூவோடு நிலத்தில் விழுந்தது.

பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் காலையிலிருந்து அந்த ஒரு நொடிக்காகவே வெயிலில் நின்றவர்கள். யார் வெட்டினார்கள் என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. இருபது பேரும் ஒரே மூச்சில் அடித்தார்கள், ஊதினார்கள். சபையோர் பழக்கப்படி எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறின்ஸுக்கும் வாய் தானாகத் திறந்துகொண்டது. இதோ, சபையோர்களே, பலத்த கரகோஷத்தின் மத்தியில் குளிர்பெட்டி உத்தியோகபூர்வமாகத் திறந்து... என்று தொடங்கியபோது குரல் அறுந்தது. றிஸ்லா ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கிக் குளிர்பெட்டியின் பிளக்கைச் செருகியிருந்தாள். பெட்டிக்குள் வெளிச்சம் வந்தது.

அவள் வெப்பமானியைப் பார்த்தாள். கொப்பியில் நேரம் எழுதி, ஏழு என்று எழுதினாள். கதவைத் திறந்து இரண்டு பெட்டி இன்சுலின் எடுத்து, துண்டைச் சரிபார்த்து, பெயர் எழுதி ஒட்டி, சுலக்ஷனாவின் கையில் கொடுத்தாள். பிள்ளை பெட்டிகளைத்தான் பார்த்தாள். கமராவைப் பார்க்கவில்லை. பிறகு ஒன்றைக் காதருகில் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

தலைவர் றிஸ்லாவிடம் பாய்ந்தார். விழா ஒத்திவைக்கப்பட்டுவிட்டது, கதவை மூடு என்றார். அவள் கதவை மூடித்தான் வைத்திருந்தாள், குளிர் போய்விடுமே.

“நாடா கட்டின பெட்டியில இருந்து குடுக்கக் கூடாதெண்டுதான் ஒங்கட சுற்றறிக்கையில இரிக்கி, சேர்,” என்றாள். “நாடா இல்லாத பெட்டியப் பத்தி ஒண்டுமே இல்ல.”

அன்று மாலைக்குள் அவளிடம் துண்டோடு முப்பத்தாறு பேர் வந்தார்கள். ஒருவரையும் வாங்கில் குந்த வைக்கவில்லை. முகத்துக்குக் கோடு போடவும் சொல்லவில்லை. தையல் கடை ஹஸீனா தன் தாய்க்கு வாங்கிப்போனாள். பல் விழுந்ததனால் படத்துக்கு எடுக்காது என்று ஒதுக்கப்பட்ட சாமித்தம்பி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வாங்கிப்போனார். யாக்கோப்பு போகும்போது நிலத்தில் கிடந்த நாடாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே அப்போது தெரியாது. குப்பையாகக் கிடந்தது, எடுத்தார்.

மறுநாள் மருந்தகச் சபை அவசரமாகக் கூடியது. மூன்று மணிநேரம் விவாதித்து இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றினார்கள். ஒன்று, குளிர்பெட்டி திறக்கப்படவில்லை எனக் கொள்ளப்படவேண்டும். மற்றது, திறக்கப்படாத பெட்டியிலிருந்து இருப்புக் குறைந்து வருவது குறித்துச் சபை தன் ஆழ்ந்த கவலையைத் தெரிவிக்கிறது. யாக்கோப்புக்கு ஒரு கடிதமும் அனுப்பினார்கள். பிரதம அதிதிக்குரிய கடமையை அதிகாரமின்றிப் பொறுப்பேற்றமைக்கு ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும்.

யாக்கோப்பு சொல்லச் சொல்ல சுலக்ஷனா பதில் எழுதினாள். கடிதம் மூன்றே வரி. “ஐயா, நான் பிரதம அதிதி இல்லை. பிரதம அதிதி வரவில்லை. நான் வந்திருந்தேன்.”

ஆனால் சபைக்கு அதைவிடப் பெரிய தலையிடி ஒன்று இருந்தது. அடுத்த வியாழன் விழா நடத்துவதானால் பெட்டியைத் திரும்பக் கட்டவேண்டும். கட்டுவதானால் உதவி வழங்கிய நிறுவனம் அனுப்பிய, பொன்னெழுத்துப் பதித்த அந்த நாடாவாலேயே கட்டவேண்டும். வேறு எந்த நாடாவும் செல்லாது என்பது ஒப்பந்தத்தில் பதினான்காவது நிபந்தனை. அந்த நிபந்தனையை மிகக் கவனமாகச் சேர்த்ததே தலைவர்தான். வெட்டிய நாடாவையும் பின்னால் தைத்துக் கட்டினால் படத்தில் தெரியாது என்று ஹஸீனாவிடம் கேட்டும் வைத்துவிட்டார். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தையல் மெசின் பழுது என்றாள்.

ஆகவே திங்கட்கிழமை பின்னேரம் தலைவர் ஜெயரூபன், வாவிக்கரையில் இருந்த யாக்கோப்பின் வீட்டுப் படலையைத் தானே திறந்துகொண்டு வந்தார். அந்த ஊரில் அவர் அதிதியாக இல்லாமல் போன முதல் வீடு அதுவாகத்தான் இருக்கும். யாக்கோப்பு கரையில் தோணியை இறக்க ஆயத்தமாக நின்றார். தலைவர் நடந்ததை மறந்துவிடுவதாகச் சொன்னார். கடிதத்தையும் மறந்துவிடுவதாகச் சொன்னார். அந்த நாடாவை மட்டும் தந்தால் போதும். மூன்று நாள்தான், பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, வியாழன் விழா முடிந்ததும் மருந்து எல்லோருக்கும் வழமைபோலக் கிடைக்கும். வியாழன் பிரதம அதிதி கட்டாயம் வருவார்.

யாக்கோப்பு மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். உள்ளே போனாள். முகம் கழுவி, தலை சீவி, பாடசாலைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குள் தலைவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவள் அவர் முன்னால் நேராக நின்று, இரண்டு கையாலும் ஓர் இன்சுலின் பெட்டியை நீட்டினாள்.

“றிபன் இதுக்குள்ளயா இருக்கி, மகள்?”

“இது அடையாளமாத் தாற, சேர்,” என்றாள் சுலக்ஷனா. “றிபன் பிறகு வரும்.”

நாற்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? தலைவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். வாங்கும்போது முகம் தானாகச் சற்று இடப்பக்கம் திரும்பிச் சிரித்தது. அந்தப் பக்கத்தில் செபஸ்தியம்மா மீன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

படலை வரைக்கும் போன பிறகுதான் பெட்டியைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆட்டினார். திரும்பிப் பார்த்தார். யாக்கோப்பு தோணியைத் தள்ளிவிட்டிருந்தார். தோணியின் முன்பக்கம், அணியத்தில் இப்போது ஒரு கம்பு, கம்பின் நுனியில் றோசா நிற நாடா, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பொன்னெழுத்து தூரத்திலும் நன்றாக வாசிக்கக்கூடியதாக இருந்தது.